கடைசி வீட்டுக்கு எவ்வளவு லைட் வருது? பிராட்பேண்ட் மாநாட்டுக்குப் போய்வந்த ஒரு வடசென்னை ஆபரேட்டர்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்த கேபிள் ஆபரேட்டரின் கண்ட்ரோல் ரூம் இருக்கிறது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை, ஒரு ஏசி, இரண்டு ரேக். உரிமையாளர் 1990களில் கோஆக்ஸ் கேபிள் இழுத்துத் தொழிலுக்கு வந்தவர். 2003இல் சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை வந்தபோது பட்ட பாட்டை இன்னமும் சொல்வார். 2018 முதல் இணையமும் தருகிறார். சொந்த உரிமம் கிடையாது. இணைய சேவைக்கான பி பிரிவு உரிமம் உள்ள ஒரு நிறுவனத்திடம் பேண்ட்வித்தை மொத்தமாக வாங்கி அவர்கள் பெயரிலேயே விற்கிறார். ஃபைபர், அதற்குள் ஒளியை அனுப்பும் ஓஎல்டி பெட்டிகள், ஆட்கள் எல்லாம் இவருடையது.

இந்த நிகழ்வு நடந்த 2024 ஆகஸ்டில் 1,140 இணைப்புகள் இருந்தன. ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) வகையில் எட்டு போர்ட் ஓஎல்டி இரண்டு. ஒன்றில் 640 வீடு, இன்னொன்றில் 500. வாங்கியிருந்த பேண்ட்வித் 2 ஜிபிபிஎஸ். டிவி சிக்னலும் அதே ஃபைபரில்தான், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் போகிறது.

ஆட்கள் நான்கு பேர்: உரிமையாளர், பிஇ முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கூட இருக்கும் அவருடைய அக்கா மகன், இருபது வருட லைன்மேன் ஒருவர், வசூலுக்குப் போகும் பையன். நான் வெளி ஆள். இவர்களைப் போல மூன்று ஆபரேட்டர்களுக்கு ரூட்டர், ஐபி வேலைகளைப் பகுதி நேரமாகப் பார்க்கிறேன். இதில் என் பிழையும் உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பிரச்சினை எளிதாகச் சொல்லக்கூடியது: ஆறு மாதமாகப் புகார் கூடிக்கொண்டே போனது. “நெட் சுத்துது”, “ராத்திரி படம் நிக்குது”, “சிவப்பு லைட் எரியுது”. மாதம் பத்துப் பன்னிரண்டு பேர் பெரிய கம்பெனிகளின் இணைப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தெருவில் எதிர்ப்பட்ட வாடிக்கையாளர் ஒருவர், “அண்ணே, அவன் ஆயிரம் எம்பி தர்றானாமே, நீங்க எப்ப?” என்று கேட்டது உரிமையாளருக்கு உறைத்துவிட்டது.

மாநாட்டுக்குப் போகும் முன்

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பிராட்பேண்ட், தொலைத்தொடர்புத் துறைக்கு இரண்டு நாள் மாநாடும் கண்காட்சியும் நடக்கவிருந்தது. கண்காட்சியைச் சுற்றிப் பார்க்கக் கட்டணமில்லை, உரை அரங்குகளுக்கு மட்டும் உண்டு. உரிமையாளர், அக்கா மகன், நான் மூவருக்கும் அரங்குச் சீட்டு வாங்கினோம்.

போகும்போதே முடிவு ஏறக்குறைய எடுத்தாகிவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். அக்கா மகன் இரண்டு மாதமாக ஜிபானுக்கு அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். ஜிபானில் ஒரு போர்ட்டுக்குக் கீழ்நோக்கி 2.5 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.25. எக்ஸ்ஜிஎஸ்-பானில் இரண்டு பக்கமும் 10. “மாமா, நாலு மடங்கு. இதைப் போட்டா எவனும் போக மாட்டான்” என்றார். மாமா நகைக்கடன் வாங்கக் கூட்டுறவு வங்கியில் விசாரித்து வைத்திருந்தார். மனதில் வைத்திருந்த தொகை ஆறரை லட்சம்.

என்னிடம் கேட்டார்கள். “நல்ல டெக்னாலஜிதான், போய்ப் பார்க்கலாம்” என்றேன். இப்போது யோசித்தால் அது பதிலே இல்லை. புகார்கள் எந்தெந்த வீட்டிலிருந்து வருகின்றன, எந்த நேரத்தில் வருகின்றன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அப்லிங்க் (வெளியிலிருந்து ஓஎல்டிக்கு இணையம் வரும் வழி) எவ்வளவு நிரம்புகிறது என்று காட்ட ஒரு பழைய கணினியில் எம்ஆர்டிஜி வரைபடம் போட்டு வைத்திருந்தேன். அதன் டிஸ்க் நிரம்பி மார்ச் மாதமே நின்றுபோயிருந்தது. நான் கவனிக்கவில்லை.

முதல் நாள்

காலை மெட்ரோவில் ஆலந்தூர் போய், அங்கிருந்து ஆட்டோ. ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்தோம். காலை அமர்வு சட்டம் பற்றியது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் சில பிரிவுகள் 2024 ஜூன் 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தன. கேபிள் கொண்டுபோகும் வழியுரிமை குறித்தவையும் அவற்றில் அடக்கம். மேடையில் இருந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் பேச்சு முழுக்க மாநிலத்துக்கு மாநிலம் ஃபைபர் புதைக்கிற நிறுவனங்களின் கவலை. தெருவிளக்குக் கம்பத்தில் கேபிள் கட்டியிருக்கிற எங்கள் உரிமையாளர் அரை மணி நேரத்தில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கண்காட்சி அரங்கு வேறு உலகம். ஒவ்வொரு ஸ்டாலிலும் பச்சை விளக்கு மினுமினுக்கும் ரேக், பெரிய திரையில் வேகப் பரிசோதனை. அக்கா மகன் ஒரு ஸ்டாலில் 8,200 எம்பிபிஎஸ் என்று முள் நிற்பதைப் படம் பிடித்தார். அந்தச் சோதனைக்கும் ஓஎல்டிக்கும் இடையே மேசை மேல் சுருட்டி வைத்த பத்து மீட்டர் ஃபைபர் பேட்ச் கார்டுதான் இருந்தது. ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றுகூட நடுவில் இல்லை. நான் அதைப் பார்த்தேன், ஆனாலும் அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் விற்பனையாளர் விலை சொன்னார். எட்டு போர்ட் எக்ஸ்ஜிஎஸ்-பான் ஓஎல்டியும் முதல் தவணையாக 50 ஓஎன்யுவும் (வாடிக்கையாளர் வீட்டில் வைக்கும் பெட்டி) சேர்த்து 6,40,000 ரூபாய். “கண்காட்சி விலை சார், நாளைக்கு சாயங்காலத்தோட முடிஞ்சிரும். ஐம்பதாயிரம் போட்டு புக் பண்ணிட்டா போதும்.” உரிமையாளர் மருமகனைப் பார்த்தார், மருமகன் என்னைப் பார்த்தார், நான் தோளைக் குலுக்கினேன். யுபிஐயில் 50,000 போனது. பத்து நொடி.

அதன் பிறகுதான் டீ கவுண்டரில் அந்தப் பேச்சு நடந்தது. தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆபரேட்டர், அறுபது வயதிருக்கும், 4,000 இணைப்பு வைத்திருப்பதாகச் சொன்னார். அக்கா மகன் ஆர்வமாக விவரம் சொல்ல, அவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, உங்க கடைசி வீட்டுக்கு எவ்வளவு லைட் வருது?”

“அது லைன்மேன் அண்ணனுக்குத்தான் சார் தெரியும்.”

“அவர் வரலையா?”

“இல்ல சார், அவர் ஃபீல்டுல இருக்காரு.”

“சரி. ராத்திரி பத்து மணிக்கு உங்க பான் போர்ட்டு எவ்வளவு ஓடுது?”

பதில் இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி. அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அறிவுரையும் தரவில்லை. சுண்டலைக் காலி செய்துவிட்டு, “வீட்டுக்குப் போய் ஓஎல்டியைத் திறந்து பாருங்க, எல்லாம் அதுலயே எழுதியிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலை வரை இன்னும் பன்னிரண்டு ஸ்டால் பார்த்தோம். மருமகன் சேர்த்த விசிட்டிங் கார்டுகள் 61. அவற்றில் பின்னால் உபயோகப்பட்டவை இரண்டு.

அன்று இரவு

ஒன்பதரைக்குக் கண்ட்ரோல் ரூமில் மூவரும் உட்கார்ந்தோம். ஓஎல்டியின் நிர்வாகத் திரையில் ஒவ்வொரு ஓஎன்யுவுக்கும் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பது டிபிஎம் கணக்கில் இருக்கும் (மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு). பதினாறு போர்ட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து அட்டவணையில் ஒட்டினோம். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட யாரும் இதைச் செய்ததில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. எங்கள் ஓஎல்டி போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒளி ஏறக்குறைய +4 டிபிஎம். மூன்று கிலோமீட்டர் ஃபைபருக்கு 1 டெசிபல் போகும். ஒரு சாதாரண லைனில் முதல் 1:8 ஸ்ப்ளிட்டருக்கு (ஒன்றை எட்டாகப் பிரிப்பது) பத்தரை, அடுத்த 1:8க்கு இன்னொரு பத்தரை. கனெக்டர், ஸ்ப்ளைஸ் (ஃபைபர் ஒட்டு) எல்லாம் சேர்த்து 2 என்று வைத்தால் மொத்த இழப்பு 24. வீட்டுக்கு மைனஸ் 20 வர வேண்டும், வந்தால் நிம்மதி. சாதாரண பி பிளஸ் வகை ஜிபானில் ஓஎன்யு மைனஸ் 27 வரை படிக்கும் என்பது கணக்கு. அதற்குக் கீழே போனால் வேகம் மெல்ல மெல்லக் குறையாது. பிழை கூடி, இணைப்பு அறுந்து, மறுபடி பதிவாகும். வாடிக்கையாளருக்கு அதுதான் “சுத்துது”.

எங்கள் பட்டியல் இப்படி இருந்தது. மைனஸ் 24க்கு மேல், அதாவது நல்ல நிலையில் 702 வீடு. 24க்கும் 27க்கும் நடுவே 291. 27க்கும் கீழே 112. அந்த நேரத்தில் ஓடாமல் இருந்தவை 35.

அந்த 112இல் 78 வீடு மூன்றே தெருக்களில் இருந்தன. உரிமையாளர் தெருப் பெயரைப் பார்த்ததும், “இது வெள்ளத்துல கட்டுனது” என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். இரண்டு ஜாயிண்ட் பாக்ஸ் மூழ்கிப் போயின. மூன்றாம் நாள், லைன்மேன் உயிரோடிருந்த ஒரே லைனில் 1:4 ஸ்ப்ளிட்டர்கள் சேர்த்து மூன்று தெருவுக்கும் பிரித்துக் கொடுத்து நெட்டை ஓட வைத்துவிட்டார். தற்காலிகம் என்றுதான் செய்தார். ஒரு 1:4 ஸ்ப்ளிட்டருக்கு ஏழு டெசிபலுக்கு மேல் போகும். மைனஸ் 20 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 27 ஏன் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எட்டு மாதமாக அது தற்காலிகமாகவே இருந்தது.

10.15க்கு அப்லிங்க் போர்ட்டைப் பார்த்தேன். 640 வீடு உள்ள ஓஎல்டியில் 978 எம்பிபிஎஸ். அதற்கு மேல் போகவே முடியாது, ஏனென்றால் அதில் செருகியிருந்தது 1 ஜிபிபிஎஸ் மாட்யூல். 2022இல் பேண்ட்வித்தை 1லிருந்து 2 ஜிபிபிஎஸ் ஆக்கியபோது ஓஎல்டிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தது நான்தான். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. பான் போர்ட்டுகளோ ஒவ்வொன்றும் 2.5 ஜிபிபிஎஸ் கொள்ளும். அதில் அதிகம் ஓடிய போர்ட்டில்கூட 190 எம்பிபிஎஸ்தான் இருந்தது. எட்டுத் தெருவுக்கு அகலமான குழாய் போட்டுவிட்டு, தொட்டியிலிருந்து வரும் குழாயை அரை இஞ்சில் விட்டிருந்தோம்.

டார்ச் அடித்து ஓஎல்டியின் முகப்பைப் பார்த்தோம். 10 ஜிபிபிஎஸ் அப்லிங்க் துளைகள் இரண்டு இருந்தன, வாங்கிய நாளில் போட்ட கறுப்பு ரப்பர் மூடியோடு.

உரிமையாளர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மருமகனைப் பார்த்து, “ஐம்பதாயிரம் திரும்ப வருமாடா?” என்றார்.

புகார் நோட்டையும் வாட்ஸ்அப் குழுவையும் அன்றே சரிபார்த்தோம். மூன்று மாதத்தில் 386 புகார். அந்த 112 வீடுகளிலிருந்து மட்டும் 171. இரவு 9 மணியிலிருந்து 12 வரையான வேகப் புகார் 143. மீதி 72இல் வைஃபை, அடாப்டர் கெட்டுப்போனது, பில் பிரச்சினை எல்லாம் கலந்திருந்தன. படுக்கும்போது மணி ஒன்றரை.

இரண்டாம் நாள்

அதே அரங்கம், அதே ஸ்டால்கள். கையில் மட்டும் இப்போது ஒரு தாள் இருந்தது.

முதலில் முன்பணம் கொடுத்த ஸ்டாலுக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்டோம். மைனஸ் 28இல் இருக்கிற வீட்டுக்கு இந்த ஓஎல்டி போட்டால் நெட் வருமா? விற்பனையாளர் தன் பொறியாளரைக் கூப்பிட்டார். அவர் நேர்மையாகவே சொன்னார்: எக்ஸ்ஜிஎஸ்-பானின் சாதாரண என்1 வகைக்கும் இழப்பு எல்லை 29 டெசிபல்தான். ஜிபான் பி பிளஸ்ஸுக்கு 28. ஒரு டெசிபல் வித்தியாசம், லைன் மோசமாக இருந்தால் அதுவும் மோசமாகத்தான் ஓடும்.

இரண்டாவது, பழைய ஓஎன்யு எல்லாம் வேலை செய்யுமா? செய்யாது. ஜிபானின் ஒளி 1490 நானோமீட்டரில் இறங்கி 1310இல் ஏறுகிறது, எக்ஸ்ஜிஎஸ்-பான் 1577இல் இறங்கி 1270இல் ஏறுகிறது. ஒரே ஃபைபரில் இரண்டும் ஓடலாம், ஆனால் வேகம் வேண்டிய வீட்டில் பெட்டியை மாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவது கேள்வி மருமகனுடையது. எனக்கு அது தோன்றவில்லை. டிவி சிக்னலின் ஒளியைப் பெருக்கும் கருவி இடிஎஃப்ஏ, பல அலைநீளங்களை ஒரே ஃபைபரில் சேர்ப்பது டபிள்யூடிஎம். “எங்க டிவி இடிஎஃப்ஏவுக்குள்ளயே டபிள்யூடிஎம் இருக்கு. அது 1310, 1490க்காகச் செஞ்சது. உங்க 1270, 1577ஐ அது உள்ள விடுமா?” பொறியாளர் மாடலைக் கேட்டார், படத்தைப் பார்த்தார், “அதையும் மாத்த வேண்டியிருக்கலாம், சோதிச்சுதான் சொல்லணும்” என்றார். இது விலைப்பட்டியலில் எங்குமே இல்லாத செலவு. டிவியும் நெட்டும் ஒரே ஃபைபரில் தருகிற ஆபரேட்டர்கள் இந்தக் கேள்வியை முன்பணத்துக்கு முன்னால் கேட்க வேண்டும்.

அடுத்தது பேண்ட்வித் தரும் நிறுவனம். அவர்களும் ஒரு ஸ்டால் போட்டிருந்தார்கள். ஆறு மாதமாக அவர்களுடைய ஏரியா ஆள் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் “டிக்கெட் போடுங்க” என்பார். இங்கே அவருக்கும் மேலே இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாளைக் காட்டினோம். வீடியோ தளங்களின் கேஷ் டிராஃபிக்கை (பக்கத்து சர்வரில் சேமித்து வைத்த நகலிலிருந்து வருவது) தனியாக எண்ணித் தருவீர்களா, வெளிநாட்டுக்குப் போகும் பேண்ட்வித்துக்குத் தனி விலையா என்று கேட்டோம். இருபது நிமிடத்தில் பேச்சு முடிந்தது: கேஷ் டிராஃபிக்குக்குத் தனிக் கணக்கு, மலிவு விலை, கூடுதல் 1 ஜிபிபிஎஸ். இந்த இருபது நிமிடத்துக்காக மட்டுமே மாநாட்டுக்குப் போயிருந்தாலும் கட்டணம் கட்டுபடியாகும் என்பது என் கருத்து.

மதியம் ஃபைபர் பராமரிப்பு பற்றிய அமர்வு. காலி நாற்காலிகள் நிறைய. பேசியவர் சொன்ன ஒரு விஷயம் மூன்று வாரம் கழித்துக் கைகொடுத்தது. ஃபைபர் எங்காவது மடங்கியிருந்தால் நீளமான அலை அதிகம் கசியும். 1490இல் இழப்பு கம்மியாகவும் 1550இல் கூடுதலாகவும் இருந்தால் உடைப்பைத் தேடாதே, மடிப்பைத் தேடு. எங்களுக்கு 1550 என்றால் டிவி. நெட் ஓரளவு ஓடி, டிவிப் படம் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிற வீடுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதே புரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலையே எக்ஸ்ஜிஎஸ்-பான் வாங்குவதை நிறுத்தினோம். அது கெட்ட கருவி என்பதால் அல்ல. எங்கள் பான் போர்ட்டுகள் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை; நிரம்பாத இடத்தை அகலப்படுத்த நகையை அடகு வைக்க வேண்டாம் என்று உரிமையாளரே சொன்னார்.

முன்பணம் ரொக்கமாகத் திரும்பாது என்றார்கள். ரசீதில் சிறிய எழுத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தத் தொகைக்குச் சமமாக இரட்டை பேண்ட் வைஃபை உள்ள ஜிபான் ஓஎன்யுக்கள் எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். நெருக்கமான தெருவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான் என்பதால் எப்படியும் அவை தேவைப்பட்டன. நஷ்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நாங்களாகத் தேர்ந்த விலையும் அல்ல.

வேலை வரிசையை அப்லிங்க், பிறகு மூன்று தெரு, பிறகு மடிப்புகள் என்று வைத்தோம். அப்லிங்க் முதலில் வந்ததற்குக் காரணம், ஒரே இரவில் 640 வீட்டுக்கும் பலன் தெரியும் என்பதுதான். லைன் வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும்.

அடுத்த பத்து வாரம்

ரிச்சி தெருவில் 10 ஜிபிபிஎஸ் போர்ட் உள்ள பழைய சுவிட்ச் ஒன்று 38,000க்குக் கிடைத்தது. மாட்யூல் நான்கு 9,000. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு மாற்றினோம். சுவிட்ச் அந்த மாட்யூலை ஏற்கவே இல்லை. வேறு கம்பெனி மாட்யூலை அனுமதிக்க ஒரு கட்டளை கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் 50 நிமிடம். 640 வீடு இருட்டு, போன் அடித்துக்கொண்டே இருந்தது. பழைய இணைப்பைத் தொடாமல், புதியதைப் பக்கத்தில் வைத்துச் சோதித்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு மாற்றியிருக்க வேண்டிய வேலை. இது முழுக்க என் அவசரம்.

மாறிய பிறகு நான்கு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் இரவு மறுபடி நின்றது. இப்போது நிரம்பியது நாங்கள் வாங்கும் மொத்த 2 ஜிபிபிஎஸ். அதுவரை அடக்கி வைத்திருந்த உபயோகம் வழி கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது. மாநாட்டில் பேசி வைத்த கூடுதல் 1 ஜிபிபிஎஸ்ஸும் கேஷ் தனிக் கணக்கும் அடுத்த வாரம் வந்த பிறகுதான் இரவு நேரப் புகார் அடங்கியது.

மூன்று தெரு வேலையில் பிரச்சினை ஃபைபரில் இல்லை. பட்டியலைப் பார்த்ததும் லைன்மேனுக்குக் கோபம். “வெள்ளத்துல நான் கட்டலன்னா அன்னிக்கு நெட்டே கிடையாது. அப்ப எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. இப்ப தப்பா?” என்றார். உரிமையாளர் பதிலுக்குக் குரலை உயர்த்த, இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை.

இதில் லைன்மேன் சொன்னதுதான் சரி. அந்த டிசம்பரில் அவர் செய்தது அந்த நிலையில் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம். எங்கே என்ன சேர்த்தார் என்பதை எழுதி வைக்க ஒரு நோட்டுகூட யாரும் அவரிடம் கொடுத்ததில்லை, கேட்டதுமில்லை. மூன்றாம் நாள் மருமகன் அவர் வீட்டுக்கே போய், “அண்ணே, எந்தக் கம்பத்துல என்ன இருக்குன்னு உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லச் சொல்ல நான் வரையிறேன்” என்று உட்கார்ந்தார். அன்று மாலை ஒரு சார்ட் தாளில் முழு நெட்வொர்க்கின் முதல் வரைபடம் வந்தது. எங்கள் பட்டியலில் பிடிபடாத நான்கு ஸ்ப்ளிட்டர்களை அவர் நினைவிலிருந்தே சொன்னார்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. மூழ்கிய ஜாயிண்ட் பாக்ஸ் இரண்டையும் மாற்றி, கம்பத்தில் உயரமாகக் கட்டி, தெருவுக்குத் தனி ஃபைபர் கொடுத்து, இடையில் சேர்த்த 1:4 எல்லாவற்றையும் கழற்றினார்கள். மடிப்புகளுக்கு 1490, 1550 இரண்டையும் அளக்கும் பவர் மீட்டரோடு வீடு வீடாகப் போனார்கள். பதினான்கு வீட்டில், கைப்பிடிச் சுவர் முனையில் பைண்டிங் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்த டிராப் கேபிள் (கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ஃபைபர்) தான் காரணம். கம்பியைத் தளர்த்தியதும் டிவி வந்தது. ஒரு பாட்டி, “இதுக்கா மூணு தடவை பாக்ஸ் மாத்துனீங்க?” என்று கேட்டாராம்.

விளைவு

சுவிட்ச், மாட்யூல், ஜாயிண்ட் பாக்ஸ், ஸ்ப்ளிட்டர், டிராப் கேபிள், கூலி, இரண்டு பவர் மீட்டர் எல்லாம் சேர்த்து 1,67,000 ரூபாய். முன்பணமாகப் போன 50,000மும் மாதந்தோறும் கூடிய பேண்ட்வித் செலவும் தனி. நகைக்கடன் வாங்கவில்லை.

மைனஸ் 27க்குக் கீழே இருந்த 112 வீடு, பத்தாவது வாரம் 19 ஆனது. அதற்கடுத்த மூன்று மாதப் புகார் 148. பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது, ஆனால் முழு வெற்றி என்று எழுத மனம் வரவில்லை. இந்த வேலை முடிவதற்குள் அறுபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். திரும்பி வந்தவர்கள் 23. “ஆயிரம் எம்பி” கேட்டவர் வரவில்லை. அவருக்கு ஒளி, அப்லிங்க் எதுவும் பிரச்சினையில்லை. அந்த எண்தான் வேண்டும். அதை எங்களால் இன்னும் தர முடியாது.

மறுபடி என்றால் எதை மாற்றுவோம்

பட்டியலை மாநாட்டுக்கு முந்தைய வாரமே எடுப்போம். அந்த ஓர் இரவு வேலை முதல் நாளுக்கு முன்பே நடந்திருந்தால் 50,000 எங்கள் கையில் இருந்திருக்கும், முதல் நாள் முழுக்க விளக்குகளை வேடிக்கை பார்த்திருக்க மாட்டோம்.

லைன்மேனை அழைத்துப் போயிருக்க வேண்டும். டீ கவுண்டரில் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் அவரிடம்தான் இருந்தது. ஃபைபர் பராமரிப்பு அமர்வில் காலியாகக் கிடந்த நாற்காலி அவருக்கானது. ஒருநாள் கூலியை மிச்சம் பிடித்ததாக நினைத்தோம்.

கண்காட்சி விலைக்கு எப்படி நடந்துகொள்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. முதல் நாள் பணமே தரக்கூடாது என்கிறார் உரிமையாளர். ரொக்கமாகத் திரும்பும் என்று எழுதிக் கொடுத்தால் தரலாம் என்கிறார் மருமகன். நான் உரிமையாளர் பக்கம்.

எக்ஸ்ஜிஎஸ்-பான் கதை முடிந்துவிடவில்லை. இரவு பத்து மணிக்கு எந்த பான் போர்ட்டாவது தொடர்ந்து 1.5 ஜிபிபிஎஸ் தாண்டினால் அந்தப் போர்ட்டை மட்டும் மாற்றுவது என்று ஓர் எல்லை வைத்திருக்கிறோம். எம்ஆர்டிஜிக்குப் புது டிஸ்க் போட்டாயிற்று. இப்போது அதிகபட்சம் 310 எம்பிபிஎஸ்.

மிச்சமிருக்கும் 19இல் ஏழு வீடு ஒரே கட்டடத்துக்குப் பின்னால் இருக்கின்றன. புது ஃபைபர் அந்தக் கட்டடத்தின் மாடி வழியாகத்தான் போக வேண்டும். கட்டட உரிமையாளரம்மா, “சுவத்துல ஆணி அடிக்காம எப்படி வேணா கொண்டு போ” என்கிறார். மூன்று முறை போய்ப் பேசியாகிவிட்டது. இதை எழுதும் இன்று காலை அந்த ஏழில் கடைசி வீட்டுக்கு வந்த ஒளி மைனஸ் 28.1.